பாளையங்கோட்டையில் தொடு மருத்துவம்

தாமிரபரணிக்கு மேற்கே நெல்லை, கிழக்கே பாளை. இவ்விரு ஊர்களையும் இணைக்கும் பாலத்தை 1843-ஆம் ஆண்டில் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டித் தந்தவர் சுலோசன முதலியார். அரசு செய்ய வேண்டிய பணியைத் தனி மனிதர் ஒருவர் செய்து முடித்தாரே என்னும் வியப்பு, பேருந்து அப்பாலத்தில் ஏறும்போதெல்லாம் எனக்கு எழுவதுண்டு. பாலத்தைக் கடந்தால் வண்ணாரப்பேட்டை, பிறகு முருகன்குறிச்சி, அதற்கப்பால் பாளையங்கோட்டை.

‘தென்னாட்டின் ஆக்ஸ்போர்டு’ என்று இவ்வூருக்கு ஒரு பெயர் உண்டு. தூய யோவான் கல்லூரி, தூய சவேரியார் கல்லூரி ஆகிய பழம்பெரும் நிறுவனங்களோடு, 1971-இல் தொடங்கப்பெற்ற நம் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியும் இங்குதான் உள்ளது. வாசகர்களில் பலர் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக இவ்வூருக்கு வந்து திரும்பியிருப்பீர்கள். ஆனால் இங்கே நோயாளிகளின் முதுகையும் கழுத்தையும் தொட்டுத் தடவி மருத்துவம் செய்யக் கற்றுத்தரும் அரசுக் கல்லூரி ஒன்று 1964 முதல் இயங்கி வருகிறது என்பதை நம் இல்லங்களில் எத்தனை பேர் மனத்திற் கொண்டிருக்கிறோம்? அரசு சித்த மருத்துவக் கல்லூரியைத்தான் குறிப்பிடுகிறேன். அதையொட்டிய மருத்துவமனைக்கு அண்மையில் சென்று வந்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் தேவையைச் சொல்லிவிடுகிறேன். மேலப்பாளையத்தின் தெருக்களில் ஒரு முற்பகல் நேரம் நடந்து பாருங்கள். ஒருகாலத்தில் தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு நெய்தவர்களின் ஊர் அது. இன்று வீட்டுக்கு வீடு மடியில் சுளகை வைத்துக் குனிந்தபடி பீடி சுற்றும் பெண்களைக் காணலாம். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால், ஆயிரம் நிறையும்வரை கழுத்து நிமிர்வதில்லை. பத்தாண்டு, இருபதாண்டு இப்படிக் குனிந்தே இருந்த முதுகு என்ன ஆகும்? பெண்கள் மட்டுமல்லர். நம் பள்ளிவாசல்களில் கடைசி வரிசையில் நாற்காலிகள் பெருகி வருவதைக் கவனித்திருப்பீர்கள். ருகூஉவும் ஸுஜூதும் செய்ய இயலாமல் அமர்ந்து தொழுவோரில் ஐம்பதை எட்டாதவர்களும் இருக்கிறார்கள். கடை விரிப்பில் நாள்முழுதும் சம்மணமிட்டிருப்பவர், இருசக்கர வண்டியில் சரக்கு ஏற்றிச் செல்பவர், கைப்பேசியைப் பார்த்துப் பார்த்தே கழுத்தைக் கூனாக்கிக்கொண்ட இளைஞர் என எல்லாரிடமும் இதே முறையீடுதான்.

என் சாச்சியும் அவர்களுள் ஒருவர். முப்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர். கழுத்திலிருந்து வலக்கை விரல்வரை இழுக்கும் வலி. வெளியூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனபோது, கைப்பேசியில் கண்ட காணொளியை நம்பி, ‘முதுகெலும்பை நிமிர்த்தும்’ நிலையம் ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றிருக்கிறார்கள். எக்ஸ்ரே கேட்கவில்லை, சர்க்கரை உண்டா, எலும்புத் தேய்மானம் உண்டா என்றும் கேட்கவில்லை. படுக்க வைத்து, தாடையைப் பற்றி, ‘சடக்’கென்று ஒரு திருப்பு. ஓசை கேட்டதும் “சரியாகிவிட்டது” என்று சொல்லிக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள். சாச்சிக்கு மூன்று நாள் தலைசுற்றல் நிற்கவில்லை. அல்லாஹ்வின் அருளால் அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. ஊர் திரும்பியதும், “வாப்பா, என்னைப் பாளைக்குக் கூட்டிட்டுப் போ” என்றார்.

அவர் போய் வந்த அந்த மருத்துவத்துக்குக் ‘கைரோபிராக்டிக்’ என்று பெயர். கையால் செய்வது என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்த பெயர் அது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்திலுள்ள டேவன்போர்ட் நகரில் 1895-ஆம் ஆண்டு டேனியல் டேவிட் பால்மர் என்பவர் இதைத் தொடங்கினார். அதற்கு முன் அவர் காந்த சிகிச்சை செய்து வந்தவர். கட்டடத் துப்புரவுப் பணியாளர் ஒருவரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்ததால் அவருக்குக் குறைந்திருந்த செவிப்புலன் மீண்டது என்று பால்மர் அறிவித்தார். நோய்கள் பெரும்பாலும் முதுகெலும்பு இடம் பிசகுவதால் வருபவை என்பது அவர் கொள்கை. உரிமமின்றி மருத்துவம் பார்த்தமைக்காக 1906-இல் சிறைக்கும் சென்றார். பின்னர் 1913-இல் கான்சாஸ் மாநிலம் இத்தொழிலுக்கு முதன்முதலாகச் சட்ட உரிமம் தந்தது. இன்று அந்நாட்டில் முறையான கல்லூரிகளில் பல ஆண்டுகள் பயின்றவர்களே இதைச் செய்ய முடியும்.

உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இம்மருத்துவம் செய்ய விரும்புவோருக்கு முழுமையான பயிற்சி 4,200 மணி நேரத்திற்குக் குறையலாகாது எனக் கூறுகின்றன. நம் நாட்டிலோ இத்தொழிலுக்கெனத் தனிச் சட்டமோ பதிவு மன்றமோ கிடையாது. ஆகவே பலகையில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து, உள்ளே இருப்பவர் 4,200 மணி நேரம் படித்தவரா, நான்கு காணொளிகளைப் பார்த்தவரா என்று நாம் அறிய வழியில்லை.

அந்தச் ‘சடக்’ ஓசையைப் பற்றியும் ஒரு செய்தி. எலும்பு தன் இடத்தில் போய் அமர்ந்த ஓசை என்றே நம்மவர் நம்புகிறார்கள். உண்மை அதுவன்று. மூட்டுகளுக்கு இடையே எண்ணெய் போன்ற ஒரு நீர் உண்டு. மூட்டு திடீரென இழுபடும்போது அந்நீரில் வாயு வெற்றிடம் ஒன்று உருவாகிறது. அதன் ஓசையே அது. கனடாவில் 2015-இல் விரல்மூட்டுகளைக் காந்த அலைப் படம் எடுத்து இதைக் காட்டினார்கள். நாம் விரலில் நெட்டி முறிக்கும்போது எழுவதும் இதே ஓசைதான். விரலில் எழுந்தால் தீங்கில்லை, கழுத்தில் அப்படியன்று. கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகளினூடே மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிகள் இரண்டு ஏறுகின்றன. வேகமாகத் திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் நேரலாம். அரிதாக நேர்வதுதான், எனினும் நேர்ந்தால் மீட்பது கடினம்.

இனி நம் முன்னோர் பக்கம் சற்றுத் திரும்புவோம். பிசகிய மூட்டைக் கையால் சரிசெய்வது பால்மர் கண்டுபிடித்த புதுமையன்று. கிரேக்கத்தின் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே முதுகை இழுத்து நிமிர்த்தும் முறைகள் இருந்தன. இப்னு ஸீனா தம் ‘அல்கானூன்’ நூலில் எலும்பு முறிவையும் மூட்டுப் பிசகையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். குர்துபாவில் வாழ்ந்த அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவி தமது ‘அத்தஸ்ரீஃப்’ பெருநூலின் அறுவை மருத்துவப் பகுதியில் கட்டுப்போடும் முறைகளைக் கற்பிக்கிறார். துருக்கி நாட்டின் அமாஸ்யா நகரைச் சேர்ந்த ஷரஃபுத்தீன் ஸாபுன்ஜுஓக்லு 1465-இல் எழுதிய அறுவை நூலில், நோயாளியைக் கிடத்தி முதுகெலும்பைச் சீர்செய்யும் காட்சியை வண்ண ஓவியமாகவே வரைந்திருக்கிறார். மத்ரஸாவில் வரலாறு நடத்தும்போது மாணவர்களுக்கு இதைச் சொன்னேன். அமெரிக்கா கண்டறியப்படுவதற்கு முன்பே வரைந்த படமா என்று ஒரு மாணவன் கணக்குப் போட்டுக் கேட்டான். ஆம், அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பு!

நம் தமிழ் மண்ணின் சித்த மருத்துவமும் இவ்வகையில் வளமானது. அகமருந்து 32, புறமருந்து 32 என்று அதில் வகுத்திருக்கிறார்கள். புறமருந்துப் பட்டியலில் ஒற்றடம், பற்று, வேது முதலியவற்றோடு முறிவு கட்டுதலும் உண்டு. அட்டை விடல், குருதி வாங்கல் ஆகியவையும் உண்டு. ஹிஜாமா பற்றி அறிந்த நம் வாசகர்களுக்கு இக்கடைசி இரண்டும் அந்நியமாகத் தோன்றா. தொக்கணம் எனப்படும் பிடித்துவிடும் முறை ஒன்பது வகைப்படும்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் மூதாட்டிகள் இவற்றில் பாதியைப் பெயர் அறியாமலே செய்து வந்தார்கள். அக்கைகள் இப்போது குறைந்துவிட்டன.

இவற்றுக்கெல்லாம் மேலாக வர்ம மருத்துவம். உடலில் 108 வர்மப் புள்ளிகள் உள்ளன என்பர். அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். அடிபட்டால் உயிருக்கே ஊறு விளைக்கத்தக்கவை படுவர்மங்கள். குமரி மாவட்டத்திலும் நெல்லைச் சீமையின் தென்பகுதியிலும் ஆசான்மார்கள் அடிமுறை என்னும் தற்காப்புக் கலையோடு சேர்த்தே இதைப் பயிற்றுவித்தனர். அடித்தால் வீழ்த்தும் இடம் எது என்று அறிந்தவனே, வீழ்ந்தவனை எழுப்பும் இளக்குமுறையையும் அறிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் மரபு. மாணவனின் குணத்தை ஆண்டுக்கணக்கில் சோதித்த பிறகே ஓலைச்சுவடியை அவிழ்ப்பார்களாம். வித்தையை மறைத்ததால் அது அழிந்தது என்று குறை கூறுவோர் உண்டு. கழுத்தைத் திருப்பும் காணொளி எல்லார் கையிலும் கிடைக்கும் இக்காலத்தைக் காணும்போது, அந்த ஆசான்மார்களின் கண்டிப்பில் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சித்தர் மரபில் முஸ்லிம்களுக்கும் ஓர் இழை உண்டு. இராமதேவர் என்னும் சித்தர் மக்கா சென்று யாகோபு என்று பெயர் கொண்டார் என்பது நெடுநாளைய செவிவழிச் செய்தி. யாகோபு பெயரால் மருத்துவ நூல்களும் வழங்குகின்றன. செவிவழிச் செய்தியை விட்டுவிட்டு, ஆவணத்தில் உள்ள ஒரு செய்திக்கு வருகிறேன். சென்னை மாகாண அரசு 1921-இல் நாட்டு மருத்துவ முறைகளை ஆராய ஒரு குழுவை நியமித்தது. அதன் தலைவர் முஹம்மத் உஸ்மான் அவர்கள். பின்னாளில் 1934-இல் மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் பொறுப்பேற்றவர். சென்னை தியாகராய நகரின் உஸ்மான் சாலையில் பெருநாள் துணி வாங்கச் செல்லும் நம்மவர் எத்தனை பேருக்கு அப்பெயருக்கு உரியவரைத் தெரியும்? வைத்தியர்களிடமும் ஹகீம்களிடமும் எழுத்து வடிவில் கருத்துக் கேட்டு, 1923-இல் உஸ்மான் குழு அறிக்கை தந்தது. அதன் பயனாக, சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் கற்பிக்கும் அரசுப் பள்ளி அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே சென்னையில் தோன்றியது. அது வளர்ந்து கீழ்ப்பாக்கத்தில் கல்லூரியாக நடந்தது; 1960-இல் நவீன மருத்துவக் கல்லூரியாக மாற்றப்பட்டுவிட்டது. அவ்வாறு ஏற்பட்ட வெற்றிடத்தில்தான், 1964-இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவத்துக்கெனவே கல்லூரி எழுந்தது. அடுத்த ஆண்டே, 1965-இல், அதே பாளையில் ஹைகிரவுண்டில் நவீன மருத்துவத்துக்கான திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஓராண்டு இடைவெளியில் ஓர் ஊருக்கு இருவகை மருத்துவக் கல்வியும் கிடைத்தது பெரும் பேறு.

இங்கு இளநிலைப் படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். அதன்மேல் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு. உடற்கூறு முதலிய நவீனப் பாடங்களையும் படித்துத் தேறியவர்களே தொக்கணத்துக்கும் வர்மத்துக்கும் கை வைக்கிறார்கள். இன்று சென்னைத் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அது 2005-இல் திறக்கப்பட்டது. தென்கோடி மக்களுக்கோ பாளைதான் அருகில்.

நாங்கள் சென்ற காலை வேளையில் மருத்துவமனையின் வெளிநோயாளர் பகுதியில் நல்ல கூட்டம். தைல மணம் வாசலிலேயே வரவேற்றது. சீட்டுப் பெற்றுக் காத்திருந்தோம். புர்கா அணிந்த தாய்மார்கள் சிலரும் அமர்ந்திருந்தார்கள்; பேச்சில் மேலப்பாளையமும் பத்தமடையும் ஒலித்தன. சாச்சியை ஒரு பெண் மருத்துவர் தனி அறையில் பார்த்தார். பர்தாவைக் காரணம் காட்டியே வலியை மறைத்துக்கொண்டிருக்கும் நம் பெண்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

நாடி பார்த்த மருத்துவர், அத்தோடு நிறுத்தவில்லை. கையைத் தூக்கச் சொன்னார். விரல்களை இறுகப் பற்றச் சொன்னார். பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சர்க்கரை, இரத்த அழுத்தம், எந்நேரம் எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறார் என்பது வரை எல்லாம் கேட்டார். சகன வாதம் என்று சித்த நூல்கள் சொல்லும் கழுத்தெலும்புத் தேய்மானம் இது என்றார்.

“ஏம்மா, கழுத்த நெட்டி முறிக்க மாட்டீங்களா?” என்று சாச்சி கேட்டார். போன இடத்தில் முறித்ததால் தலை சுற்றியது என்பதையும் மறந்து, ஓசை வந்தால்தான் சிகிச்சை என்னும் எண்ணம் அவருக்குள் எப்படியோ புகுந்துவிட்டது!

“வேண்டாம்மா. தேய்ஞ்ச எலும்ப வெடுக்குன்னு திருப்பக் கூடாது. மெதுவாத்தான் இளக்கணும்” என்றார் மருத்துவர்.

மிதமான சூட்டில் தைலம் பூசி, தோளிலிருந்து கைநோக்கி மெல்லப் பிடித்துவிட்டார்கள். பிறகு நொச்சி இலை ஒற்றடம். உள்ளுக்கும் மருந்து கொடுத்தார்கள். கட்டணம் ஏதுமில்லை. சில வாரங்கள் தொடர்ந்து வரச் சொன்னார்கள், வந்தோம். வலி அடியோடு நீங்கிவிட்டது என்று எழுதினால் அது மிகை. இரவில் விழிக்க வைத்த வலி இப்போது விழிக்க வைப்பதில்லை. சாச்சியின் கை குடம் தூக்குகிறது. அறுபதைக் கடந்தவருக்கு அது சிறிய நன்மையன்று. அல்ஹம்துலில்லாஹ்.

மருந்தைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது அவர்கள் சொன்ன அன்றாட ஒழுங்கு. சுளகை மடியில் வைக்காமல், முழங்கால் உயரத்துக்கு ஒரு முக்காலியில் வைக்க வேண்டும். சுவரில் முதுகு சாய வேண்டும். இருநூறு பீடி சுற்றியதும் எழுந்து நாலு எட்டு நடந்து, தோள்களைச் சுழற்ற வேண்டும். உயரமான தலையணை கூடாது. இவற்றுக்குக் காசு செலவில்லை. ஆனால் ஆயிரத்தை எட்ட வேண்டிய அவசரத்தில் இருக்கும் பெண்ணுக்கு எழுந்து நடக்கும் சில நிமிடங்களும் கூலிதான். வீட்டிலுள்ள ஆண்கள் தண்ணீர் எடுப்பதையும் மாவரைக்கக் கொண்டு போவதையும் தாங்களே செய்தால் அந்த நிமிடங்கள் அவளுக்குக் கிடைக்கும்.

மனித உடலில் 360 மூட்டுகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றுக்காகவும் நாள்தோறும் தர்மம் செய்யக் கடமை உண்டு என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய கருத்து ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் சிகிச்சை செய்து தீங்கு விளைந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்னும் நபிமொழியை அபூதாவூத், நஸயீ, இப்னுமாஜா ஆகியோர் பதிவு செய்துள்ளனர். இதை வைத்து ஃபிக்ஹு நூல்கள் விரிவாகச் சட்டம் பேசுகின்றன. கையில் தைலப்புட்டி வைத்திருப்பவரெல்லாம் வைத்தியர் அல்லர் என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு? வர்மம் என்ற பெயரிலும் போலிகள் உண்டு; மேல்நாட்டுப் பெயரை மாட்டிக்கொண்டவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருந்தால் போதாது. பட்டம் எது, பதிவு எண் எது என்று கேட்டுவிட்டுக் கழுத்தைக் கொடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. எல்லா முதுகுவலிக்கும் தொடு மருத்துவம் ஏற்றதன்று. திடீரென வந்த சாதாரண இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். படுத்தே கிடக்காமல் இயன்றவரை நடமாடினாலே போதும். ஆனால் வலியோடு காய்ச்சலோ காரணமற்ற உடல் மெலிவோ இருந்தால், கீழே விழுந்த பின் வந்த வலியாக இருந்தால், கால்கள் மரத்துப்போனால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றி வெளியேறினால், யாரிடமும் பிடித்துவிடக் கொடுக்கக் கூடாது. நேரே ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கழுத்தை யாராவது திருப்பியபின் கடும் தலைவலி, தலைசுற்றல், பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாதல் தோன்றினாலும் அவ்வாறே. ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

சித்த மருத்துவமனைக்குச் செல்வோர் காலையிலேயே போய்விடுவது நல்லது. பழைய எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனைத் தாள்கள், உண்டுவரும் ஆங்கில மருந்துகளின் சீட்டு ஆகியவற்றை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உண்ணும் மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் நிறுத்திவிடாதீர்கள். வயதான பெண்களோடு வீட்டில் ஒருவர் துணைக்குச் செல்லுங்கள். மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு, “ஒண்ணுமில்லம்மா, லேசா வலி” என்று மட்டுமே நம் தாய்மார்கள் விடை சொல்வார்கள்.